வைஃபை விட்டு விட்டு வருகிறதா? புது ரவுட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இணையம் விட்டு விட்டு வந்தால் வீட்டில் எல்லோருடைய கையும் ரவுட்டரைத்தான் காட்டும். கடைக்குப் போய் இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்துப் புதிதாக ஒன்றை வாங்கி வந்து மாட்டுவார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதைதான். ஏனென்றால் கோளாறு ரவுட்டரில் இருந்திருக்காது. கம்பத்திலிருந்து வரும் ஒயரிலோ, அடாப்டரிலோ, ரவுட்டரைக் கொண்டுபோய் வைத்த மூலையிலோ இருந்திருக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகவும் முதன்முறையாக இணைப்பு வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு அந்த மூவாயிரம் சின்னத் தொகை அல்ல. அதனால் வாங்குவதைப் பற்றி இந்தக் கட்டுரை பின்பாதியில்தான் பேசும். முதல் வேலை, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தொழில்நுட்பப் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு செல்போன், கிடைத்தால் ஒரு மடிக்கணினி, கணினியை ரவுட்டரோடு இணைக்கும் லேன் ஒயர் ஒன்று, ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போது வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஃபைபர் இணைப்பு. பல தெருக்களில் அதைக் கொண்டுவந்து கொடுப்பவர் முன்பு கேபிள் டிவி இணைப்புக் கொடுத்த அதே அண்ணன்தான். தெருக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிய கண்ணாடி இழை ஒயர் உங்கள் வீட்டுக்குள் வந்து, பச்சை முனையோடு ஒரு கருவியில் செருகப்பட்டிருக்கும். அந்தக் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர். ஒளியாக வரும் இணையத்தை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. வைஃபை பரப்பும் ரவுட்டரும் பல வீடுகளில் அதே பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு வேலைகளையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முனை வரைக்கும் உள்ள கோளாறு நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப் பொதுவாக நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் காற்றில் பரவும் வைஃபையைச் சீராக்குவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

விளக்குகள் சொல்வதைக் கேளுங்கள்

இணையம் நின்றவுடன் எதையும் தொடாமல் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். "பான்" (PON) என்ற விளக்கு நிலையாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி சரியாக வருகிறது என்று பொருள். அது விட்டு விட்டு எரிந்தால், பெட்டி நிறுவனத்தின் கருவியோடு சேர முயன்றுகொண்டிருக்கிறது. "எல்ஓஎஸ்" (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளியே வரவில்லை. சிவப்பு எரியும்போது உலகத்திலேயே விலை உயர்ந்த ரவுட்டரை வாங்கி மாட்டினாலும் பயனில்லை. கம்பத்திலோ வழியிலோ ஒயர் போயிருக்கிறது. உயரமாகச் சரக்கேற்றி வந்த லாரி இழுத்துப் போயிருக்கலாம், குழாய் பதிக்கத் தோண்டியபோது அறுந்திருக்கலாம், அழகர்கோவில் பக்கம் என்றால் குரங்கு தொங்கியிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம்.

சிவப்பு விளக்கைக் கண்டதும் ஒரே ஒரு இடத்தை மட்டும் நீங்களே பார்க்கலாம்: வீட்டுக்குள் வரும் ஃபைபர் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா? டிவி ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் நசுங்குவது, கதவிடுக்கில் மாட்டுவது, ஒயர் நீளமாக இருக்கிறது என்று இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவது, இவையெல்லாம் ஒளியைக் கசியவிடும். செம்புக் கம்பியை மடக்கினால் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். கண்ணாடி இழை அப்படியில்லை. கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒளி வெளியேறிவிடும். மிச்ச ஒயரை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு அகலமான வளையமாகச் சுற்றி, தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

பச்சை முனையைக் கழற்றித் துடைத்து மாட்டுவது பலருக்குப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். அந்த முனையில் விரல் பட்டால் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கே ஒளியை மறைக்கப் போதும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அதைவிட மோசம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கேபிள்காரரை அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணே, எல்ஓஎஸ் அவ்வப்போது சிவப்பாக எரிகிறது. என் பெட்டிக்கு ஃபைபரில் ஒளியின் பவர் எத்தனை வருகிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதிலே வேறு. அவர்கள் சொல்வது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை என்றால் கவலை இல்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் விளக்கு பச்சையாக இருந்தாலும் இணைப்பு அவ்வப்போது அறுந்து அறுந்து ஒட்டும். மழை பெய்தால் மட்டும் நின்றுபோகிறது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்த எண்தான் இருக்கும். வெளியே ஏதோ ஓர் இணைப்பு முனையில் தண்ணீர் இறங்குகிறது. ஆள் அனுப்பி முனையைப் புதிதாக ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் ஊசித் துளை ஒன்று இருக்கும். பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். அதைக் குத்தாதீர்கள். அணைத்து மீண்டும் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும். அதுவரை விட்டு விட்டு வந்த இணையம் அதன்பிறகு அறவே வராது. அணைத்துப் போட வேண்டும் என்றால் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போடுங்கள், அவ்வளவுதான்.

உள்ளேயா, வெளியேயா?

விளக்குகள் எல்லாம் சரியாக எரிகின்றன, ஆனாலும் இணையம் திக்குகிறது என்றால் அடுத்து இதைச் செய்யுங்கள். செல்போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் "கேட்வே" என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அது உங்கள் ரவுட்டரின் முகவரி. விண்டோஸ் மடிக்கணினியில் கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் (ping) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும், மறுபடி ஓர் இடம் விட்டு -t என்றும் தட்டுங்கள். இன்னொரு சாளரத்தில் அந்த எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 என்று வைத்து அதேபோலத் தட்டுங்கள். இது கூகுள் நிறுவனத்தின் பொது முகவரிகளில் ஒன்று. செல்போனிலும் இதே வேலையைச் செய்யும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

முதல் சாளரத்தில் ரவுட்டர் சில மில்லி விநாடிகளில் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, இரண்டாவதில் மட்டும் பதில் தவறினால் கோளாறு வீட்டுக்கு வெளியே. நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ரவுட்டரே பதில் சொல்லத் திணறினால் கோளாறு வீட்டுக்குள். அப்போது மடிக்கணினியை லேன் ஒயரால் நேராகப் பெட்டியில் மாட்டி மறுபடி பாருங்கள். ஒயரில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் திணறினால் அது இடத்தின், அலைவரிசையின் கோளாறு. ஒயரிலும் திணறினால்தான் பெட்டியையோ அடாப்டரையோ சந்தேகிக்க வேண்டும்.

வேகத்தைச் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். கோப்பு இறங்கும்போது திரையில் தெரியும் மெகாபைட் கணக்கில் அது 12.5தான். 12 என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியிலோ வேறு சோதனைத் தளத்திலோ, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று, காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள். லேன் ஒயரிலும் இரவில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால் தெருவே ஒரே நேரத்தில் படம் பார்க்கிறது, நிறுவனம் அதற்குப் போதுமான கொள்ளளவு வைக்கவில்லை. அதற்கும் ரவுட்டருக்கும் தொடர்பே இல்லை.

அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ரவுட்டர் போய்விட்டது என்று தூக்கிப் போடப்படும் பெட்டிகளில் பல, அடாப்டர் போனவை. இதை நான் அழுத்தமாகச் சொல்லக் காரணம், இருநூறு முன்னூறு ரூபாயில் முடியும் வேலை இது.

அறிகுறி எளிது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து, பவர் விளக்கு முதலில் எரிந்து, மற்றவை ஒவ்வொன்றாக வந்தால் பெட்டி தானாக மறுபடி தொடங்குகிறது. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது தாக்குப்பிடித்து, நான்கு பேர் சேர்ந்தவுடன் இப்படி ஆனால் அடாப்டர்மீது சந்தேகம் இன்னும் வலுக்கும். வைஃபை அதிகமாக வேலை செய்யும்போது மின்சாரமும் அதிகம் வேண்டும். தளர்ந்துபோன அடாப்டரால் அதைக் கொடுக்க முடிவதில்லை.

அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பொடி எழுத்தில் "அவுட்புட்" என்று ஒரு வரி இருக்கும்: 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றோ 1.5 ஆம்பியர் என்றோ. அதற்குக் கீழே சின்ன வட்டம் ஒன்றும் அதிலிருந்து இரண்டு பக்கம் போகும் கூட்டல், கழித்தல் குறிகளும் இருக்கும். கூட்டல் நடுமுனைக்குப் போகிறதா என்பதை அந்தப் படம் சொல்கிறது. உள்ளே உருளை வடிவத்தில் சில மின்தேக்கிகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் அவை உலர்ந்து வலுவிழந்துவிடும். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "12 வோல்ட் சரியாக வருகிறதே" என்பார். பெட்டியில் மாட்டாமல் சும்மா இருக்கும்போது 12 காட்டும். சுமை ஏறும்போதுதான் சரியும். ஆகவே மீட்டரை நம்புவதைவிட, வேறு நல்ல அடாப்டரை ஒருநாள் மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அச்சாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனைக் குறி ஒத்துப்போக வேண்டும், ஊசி தளர்வின்றிப் பொருந்த வேண்டும். மேலே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர்களுக்கு இந்தியாவில் இது கட்டாயம். செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் ஊசி பொருந்துகிறது என்பதற்காக அதை மாட்டிவிடாதீர்கள். முதலில் வோல்ட்டைப் படியுங்கள். அப்படியே எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிளக்கை லேசாக அசைத்தால் விளக்கு அணைகிறதா? அப்படியென்றால் குற்றவாளி அந்தப் பெட்டிதான். ரவுட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

மதுரை வெயிலும் பெட்டி இருக்கும் இடமும்

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றின் குறிப்பேட்டில் வேலை செய்யும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திர நாள்களில் மதுரையின் வெயில் 40ஐத் தாண்டுவது புதிதல்ல. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை, கண்ணாடி போட்ட ஷோகேஸ், அதற்குள் செட்டாப் பாக்ஸ், அதன் தலையில் ரவுட்டர், தூசி படாமல் இருக்க மேலே ஒரு பூத்தையல் துணி. இப்படி வைத்த பெட்டிக்கு மூச்சுவிடவே வழியில்லை. மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் தகராறு, இரவு பதினொரு மணிக்கு அருமையாக ஓடுகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். துணியை எடுங்கள். பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே கொண்டுவந்து, நான்கு பக்கமும் காற்று படும்படி சுவரில் மாட்டுங்கள். பின்புறத்தில் அதற்கென்றே இரண்டு துளைகள் இருக்கும். இதற்கு ஆகும் செலவு இரண்டு ஆணி.

எந்தச் சுவர் என்பதுதான் அடுத்த கேள்வி. இணைப்புக் கொடுக்க வருபவர் ஒயரை மிச்சம் பிடிக்க வாசலுக்குப் பக்கத்திலேயே, ஜன்னலை ஒட்டி வைத்துவிட்டுப் போவார். பாதி வைஃபை தெருவுக்குப் போகும். புதிதாக இணைப்பு வாங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான ஒரே ஆலோசனை இதுதான்: ஆள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள், பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் ஒயர் கூடுதலாகத் தேவைப்படும். தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பின்னால், அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

வைஃபை அலைக்குப் பிடிக்காதவை மூன்று: இரும்பு, தண்ணீர், கனமான சுவர். பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பியடிக்கும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் அகலம் குறைவாகவும் நீளமாகவும் தடித்த சுவர்களோடும் இருக்கின்றன. முன்கட்டில் வைத்த ரவுட்டர் பின்கட்டு அடுக்களைக்கு எட்டவே எட்டாது. மாடி வீடுகளில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டினாலே அலை பெருமளவு குறைந்துவிடும். ஆன்டெனாக்கள் இருந்தால் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரே தளம் கொண்ட வீட்டில் அதுதான் பக்கவாட்டில் நன்றாகப் பரப்பும்.

இரண்டு அலைவரிசைகள்

வீட்டு வைஃபை பரவும் அலைவரிசைகள் பொதுவாக இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவானது, நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒன்றிரண்டு சுவர்களுக்குள் ஓய்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் வேலை செய்வது 2.4லேயேதான். அடுப்பு ஓடும்போது அடுக்களையில் வீடியோ நின்றால் வியப்பில்லை.

அண்ணாநகர், கே.கே.நகர் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் செல்போனைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களே வரிசையாக நிற்கும். அத்தனையும் 2.4இல் மோதிக்கொள்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்து, மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதை ரவுட்டர் அமைப்பில் (கேட்வே முகவரியைத் திறந்தால் வரும் பக்கம்) தேர்ந்தெடுங்கள்; சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். டிவி, மடிக்கணினி போன்ற பெரிய கருவிகளை 5க்கு மாற்றிவிடுங்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இந்த நெரிசல் இல்லை. அங்கே 2.4 களத்தைத் தாண்டி மாட்டுக்கொட்டகை வரைக்கும்கூடப் போகும். அங்குள்ள தொல்லை மின்சாரம்தான்.

மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது. எந்தெந்தப் பகுதி என்று முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கலாம். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். அதன் வோல்ட்டும் உங்கள் ரவுட்டரின் வோல்ட்டும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை வழியே மின்னல் வராது. மின்சார ஒயர் வழியே வரும்.

இனி வாங்கலாம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, லேன் ஒயரில் மாட்டினாலும் பெட்டி திணறுகிறது, அடாப்டரை மாற்றியும் தானாக மறுபடி தொடங்குகிறது என்றால் பெட்டிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அது 2.4 மட்டுமே கொண்ட பழைய பெட்டியாக இருந்தாலும் மாற்றுவது நியாயம்.

கடைக்குக் கிளம்பும் முன் நிறுவனத்திடம் ஒரு கேள்வி: இந்தப் பெட்டி யாருடையது? அவர்கள் கொடுத்தது என்றால் பழுதானதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு அலைவரிசை உள்ள பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பெட்டியின் முதுகில் தொலைபேசி மாட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஓஎன்டியை நீங்களாக மாற்றினால் தொலைபேசி ஊமையாகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு நல்ல வழி, பழைய பெட்டியை ஓஎன்டியாக அப்படியே விட்டுவிட்டு, அதன் வைஃபையை மட்டும் அணைத்து, புது ரவுட்டரை அதனோடு லேன் ஒயரால் இணைப்பது.

டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஏசி1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867 என்ற இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். ஏஎக்ஸ்3000 என்பதும் 574உம் 2402உம் சேர்ந்ததுதான். எந்தச் செல்போனும் இரண்டையும் கூட்டிய வேகத்தை உங்களுக்குத் தரப்போவதில்லை. ஆன்டெனா நான்கா ஆறா என்று எண்ணிப் பார்த்து வாங்குவதிலும் அர்த்தமில்லை.

பார்க்க வேண்டிய முதல் வரி, ஒயர் மாட்டும் துளையான போர்ட்டின் வேகம். 10/100 என்று இருந்தால் ஒயர் வழியே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகவே போகாது; 10/100/1000 என்று இருந்தால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு, 10/100 போர்ட் உள்ள ரவுட்டரால் ஏறத்தாழ 95இல் நின்றுபோகும் வீடுகள் உண்டு. கிகாபிட் இல்லாத ரவுட்டரை இனி வாங்காதீர்கள், எத்தனை மலிவாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, எந்தத் தலைமுறை? வைஃபை 5 என்பது 2013இல் வந்த தரம். 100 எம்பிபிஎஸ் வரையுள்ள திட்டத்துக்கும் நான்கைந்து கருவிகளுக்கும் அது போதும். வீட்டில் செல்போன், டிவி, கேமரா என்று பத்துக்கு மேல் கருவிகள் இருந்தால் வைஃபை 6 வாங்குங்கள். பல கருவிகளை ஒரே நேரத்தில் கையாள்வதற்காகவே வடிவமைத்த தரம் அது. வைஃபை 7க்கு இப்போது கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். அதைப் பயன்படுத்தும் கருவிகள் பெரும்பாலான வீடுகளில் இன்னும் இல்லை. வைஃபைக் கடவுச்சொல்லைக் காக்கும் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை இருக்க வேண்டும். உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் மதுரையிலேயே மாற்றித் தருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். "மோடம் ரவுட்டர்" என்று பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் கிடக்கிறது. அது செம்புத் தொலைபேசி ஒயர் வழியே இணையம் வந்த காலத்துக் கருவி. உங்களுக்கு வேண்டியது, வான் (WAN) என்று எழுதிய, லேன் ஒயர் மாட்டும் சதுரமான துளை உள்ள ரவுட்டர்.

விலையைப் பொறுத்தவரை, கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 5 ரவுட்டர் ஏறத்தாழ இரண்டாயிரத்துக்கும், வைஃபை 6 இரண்டாயிரத்தைந்நூறிலிருந்து நாலாயிரத்துக்குள்ளும் கிடைக்கும். ஒரே தளத்தில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நடுவில் வைத்த ஒன்று போதும். மாடியும் கீழுமாக இருந்தால் எத்தனை விலை கொடுத்தாலும் ஒரு ரவுட்டர் போதாது. ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. மலிவான ரிப்பீட்டர், தான் பெறும் அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். மெஷ் என்ற பெயரில், ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகளாகக் கிடைப்பது மேல். அதைவிட மேல், மாடிக்குக் கேட்6 வகை லேன் ஒயர் ஒன்று இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டர் வைப்பது. ஒயர் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள்; முழுச் செம்புதான் வேண்டும். விலை மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பின்னதுதான். புது வீடு கட்டுபவர்கள் மின்சார ஒயருக்குச் சுவரைக் கொத்தும்போதே லேன் ஒயருக்கும் தனியாக ஒரு குழாய் பதித்துவிடுங்கள்.

மாட்டும் முறை

1. பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து புது ரவுட்டரின் வான் துளைக்கு ஒயர் மாட்டுங்கள்.

2. புது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பெயர், கடவுச்சொல்லைக் கொண்டு செல்போனில் இணைந்து, அதன் செயலியையோ முகவரியையோ திறங்கள்.

3. அமைப்பில் "ஆக்சஸ் பாயின்ட்" முறையைத் தேர்ந்தெடுங்கள். முகவரி பங்கிடும் வேலையைப் பழைய பெட்டியே பார்த்துக்கொள்ளும், இரண்டும் மோதிக்கொள்ளாது.

4. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுங்கள். டிவி, கேமரா, பாட்டியின் செல்போன் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பழைய கடவுச்சொல் தெருவுக்கே தெரிந்தது என்றால் மட்டும் இப்போதே புதியது வையுங்கள்; செல்போன் எண்ணை வைக்க வேண்டாம்.

5. பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் இரண்டும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவிகளை அலைக்கழிக்கும்.

6. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றி, கடவுச்சொல் இல்லாமல் பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

நிறுவனம் அசையவில்லை என்றால்

வாய்வார்த்தையில் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிலோ செயலியிலோ பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். சிவப்பு விளக்கின் படம், பிங் சோதனையின் படம், தேதி, நேரம் ஆகியவற்றைச் செல்போனில் வைத்திருங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார்; டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. டிராய்க்கு நேராக எழுதினால் தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலும் பேசலாம்.

இணைப்பையே மாற்றுவது என்று முடிவெடுத்தால், புதியது வந்து ஒருவாரம் ஓடிய பிறகு பழையதைத் துண்டியுங்கள். நிறுவனம் கொடுத்த ஓஎன்டியையும் அடாப்டரையும் சேர்த்தே திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு வரிசை எண்ணோடு எழுத்தில் ரசீது கேளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெற அந்தத் தாள்தான் ஆதாரம்.